ஒரே தாழ்ப்பாள்

முப்பத்தொரு பேர்.
ஸ்பீக்கர் பெட்டியோடு வந்திறங்கிய புது மாப்பிள்ளையைச் சேர்த்தால்
முப்பத்திரண்டு.
குளியலறை ஒன்று.

பியூனஸ் அயர்ஸிலிருந்து இருபது மணி நேரம்
மடியில் ஒரு மின்விசிறியைச் சுமந்து
பேருந்தில் வந்தேன், அண்ணன் வீட்டுக்கு.
கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி
யாரோ அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.
"இவான் எங்கே?" என்றாள் பெர்னார்தா அத்தை.
"பரீட்சை" என்றேன்.
டிசம்பர் இருபத்துநான்கு. கோடை விடுமுறை.
பையன் இந்த வருஷம் அவன் அப்பாவோடு என்பது
வாசல் நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.
"படிக்கட்டும், படிக்கட்டும்" என்று
என் தட்டில் இன்னொரு துண்டு சோளரொட்டி வைத்தாள்.

பராகுவேயில் பாலன்
வேர்க்க விறுவிறுக்கத்தான் பிறக்கிறார்.
குடிலுக்கு முள்பனைப் பாளை வெட்டி வைத்திருந்தார்கள்.
பாளை விரிந்த வாசம்
மாட்டுக்கொட்டில் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.
குடிலின் கூரையில் தொங்கவிட்ட ரொட்டி வளையங்களை
லுஹான் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து
கடித்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தாள்.
எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் பார்க்கவில்லை.

அறைகளுக்கெல்லாம் திரைச்சீலைதான்.
வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு அந்த ஒன்று.
மத்தியானத்திலிருந்து அதன் முன்னால் வரிசை.
போர்ஃபிரியோ மாமா கால்மணி நேரம் குளித்தார்.
எலிகியோ அதற்கும் மேல்.
கண் சிவந்து வெளியே வந்தவர்களெல்லாம்
சோப்பைத் திட்டினார்கள்.

என் முறை வந்தது.
தாழிட்டுத் திரும்பினால்
சோப்பு கல்லாகக் காய்ந்து கிடக்கிறது,
அதன் முதுகில் ஓர் எறும்பு
அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஓ, என்று நினைத்தேன்.

எலிகியோவுக்கு வங்கிக் கடன்.
மாமாவுக்கு, அறுவடைக்கு வராத மகன்.
மற்றவர்களுக்கு என்ன என்று
நின்று யோசிக்க எனக்கு நேரமில்லை,
வெளியே ஆறு பேர்.
குழாயைத் திறந்துவிட்டு ஆரம்பித்தேன்.

அப்போது மின்சாரம் போனது.

ஸ்பீக்கர் பாதிச் சொல்லில் செத்தது.
நான் சுமந்து வந்த விசிறி கடைசியாய்ச் சுற்றி நின்றிருக்கும்.
மோட்டார் நின்று, குழாய் இரண்டு முறை இருமிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.
முப்பத்திரண்டு பேரும் "ஓ" என்று கத்தி ஓய்ந்த
அந்த ஒரு நொடி அமைதிக்குள்
என் விசும்பல் அகப்பட்டுக்கொண்டது.

கதவுக்கு வெளியே ஒரு செருப்பு நின்றது.
இடது காலை இழுத்து நடப்பவள்,
அண்ணி தியோடோரா.
தட்டவில்லை. கூப்பிடவில்லை.
போனாள். திரும்பி வந்தாள்.
கனமாக எதையோ வாசலிலேயே போட்டாள்.
சாக்குக்குள் ஐஸ்கட்டி.
கொட்டாப்புளியை ஓங்கி இறக்கினாள்.
மறுபடி.
மறுபடி.
"போதும், தியோ, பொடியாகிறது" என்றான் அண்ணன்.
"உங்களுக்கு என்ன தெரியும்?"
மறுபடி.
எனக்கு எவ்வளவு வேண்டுமோ
அவ்வளவு நேரம் அடித்தாள்.

வெளியே வருமுன் எறும்பை ஊதிவிட்டு
வாளித் தண்ணீரை ஒரு கை அள்ளி
சோப்பை நனைத்து வைத்தேன்.
அடுத்து வருபவருக்கு ஒரு மரியாதை.

அடுத்தவள் செல்சா.
எப்போதும் சிரித்த முகம்.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே
உள்ளே போனாள்.
தாழ்ப்பாள் விழுந்தது.
குழாயில் இன்னும் தண்ணீர் இல்லை.

அண்ணி ஐஸ்தூளை
பழம் மிதக்கும் ஒயினில் கொட்டப் போயிருந்தாள்.
கொட்டாப்புளி அங்கேயே கிடந்தது.
எடுத்தேன்.
ஐஸ் ஒரு துண்டும் மிச்சமில்லை,
ஈரச் சாக்கைத்தான் அடித்தேன்.